கிரீன்ஸ்லீவ்ஸ் மெட்டு எட்டாம் ஹென்றி போட்டது அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் எனக் கடற்கரைப் பங்குகளில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கான ஒத்திகைகள் தொடங்கும் நேரம் இது. ‘வாட் சைல்ட் இஸ் திஸ்’ பாடலுக்கு நகலெடுத்துக் கொடுக்கும் தாள்களில் ‘இசை: மன்னர் எட்டாம் ஹென்றி’ என்று போடும் வழக்கம் இருக்கிறது. அது தவறு.

மெட்டின் பெயர் கிரீன்ஸ்லீவ்ஸ். ஹென்றி இறந்தது 1547-இல். இந்த மெட்டைத் தாங்கும் ரொமனெஸ்கா என்ற அடிச்சுர வரிசை இத்தாலியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்ததே அவருக்குப் பிறகுதான். 1580 செப்டம்பரில் ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற லண்டன் பதிப்பாளர் இந்தப் பெயரில் ஒரு பாட்டைப் பதிவு செய்தார். 1584-இல் வந்த தொகுப்பு ஒன்றில் பாட்டு முழுவதும் இருக்கிறது, சுரக்குறிப்பு இல்லை. கிரீன்ஸ்லீவ்ஸ் மெட்டில் பாடுக என்ற குறிப்போடு சரி. முன்பு தெருவில் மலிவாக விற்ற நம் குஜிலிப் பாட்டுப் புத்தகங்களில் ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று போடுவார்களே, அதே வழக்கம். வாங்குகிறவருக்கு மெட்டு ஏற்கெனவே தெரியும்.

நடனக்காரர்கள் கைக்கு இது அச்சில் போனது ஜான் பிளேஃபோர்டு தொடங்கிய ‘டான்சிங் மாஸ்டர்’ என்ற நடனப் புத்தகம் வழியாக. 1651-இல் 105 நடனங்களோடு வந்த முதல் பதிப்பில் இது இல்லை. 1686-இல் வந்த ஏழாம் பதிப்பில் ‘கிரீன் ஸ்லீவ்ஸ் அண்ட் புடிங் பைஸ்’ என்ற பெயரில் சேர்ந்தது. அந்தப் புத்தகத்தின் அமைப்பையும் பாருங்கள்: மேலே ஒற்றை வரியில் மெட்டு, கீழே ஆட்ட விதிகள். மெட்டுப் போட்டவர் பெயருக்கு அங்கே வேலையே இல்லை. ‘வாட் சைல்ட் இஸ் திஸ்’ பாடலாக நாம் பாடும், வில்லியம் சாட்டர்டன் டிக்ஸ் 1865 வாக்கில் எழுதிய வரிகள் 1871-இல் பிராம்லி, ஸ்டெய்னர் தொகுத்த கரோல் புத்தகத்தில் இந்த மெட்டோடு வந்தன. சொல் மாறும், மெட்டு நிற்கும். பிரிட்டிஷ் தேசிய கீதமான ‘காட் சேவ் தி கிங்’ மெட்டில் முத்துசுவாமி தீட்சிதர் ‘சந்ததம் பாஹிமாம்’ செய்யவில்லையா?

ஆடிய மெட்டு என்பதை வாசிக்கும்போதும் மறக்கக்கூடாது. கீபோர்டில் 8 பீட் ரிதத்தைத் தட்டிவிட்டால் பாட்டு நொண்டும். 6/8 வையுங்கள், தபலா என்றால் மும்மூன்றாக எண்ணும் திஸ்ரம். ‘திஸ், ஹூ’ என்ற சொற்களில் வரும் மூன்று சுரங்களும் சம அளவு அல்ல, 3, 1, 2 என்ற கணக்கு. சமமாக இழுத்தால் துள்ளல் போய்விடும்.

அடுத்தது நிஷாதம், அதாவது நி. ஈ மைனரில், ஈ-யை ஷட்ஜமாக வைத்தால் முதல் வரி: ச க ம ப த ப ம ரி நி ச ரி க ச ச நி ச ரி நி ப. இதில் முதல் நி கைசிகி (தாழ்ந்த நி), அதாவது டி. பின்னால் வரும் இரண்டும் காகலி (உயர்ந்த நி), டி ஷார்ப். மூன்றையும் டி என்றே அழுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. பல்லவி மேல் டி-யில் தொடங்கும், அங்கே ஷார்ப் கிடையாது.

தைவதத்தில், அதாவது த-வில், இரண்டு பாடம் உண்டு. சி ஷார்ப் வைத்தால் கரஹரப்பிரியா ராக வாடை, வெறும் சி என்றால் நடபைரவி. இரண்டும் அச்சில் இருப்பதால் எதையும் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் பாடகற்குழு ஒன்றும் கீபோர்டு இன்னொன்றும் எடுத்தால் அந்த இடத்தில் கரகரக்கும். முடிவில் வரும் ‘க ரி ச நி த நி ச’வில் மட்டும் சி ஷார்ப்பே வேண்டும். வெறும் சி வைத்தால் கீரவாணியாகிவிடும்.

தாளில் போட வேண்டியது இவ்வளவுதான்: ‘மெட்டு: கிரீன்ஸ்லீவ்ஸ், இங்கிலாந்து, 16-ஆம் நூற்றாண்டு, இயற்றியவர் பெயர் தெரியாது. வரிகள்: வில்லியம் சாட்டர்டன் டிக்ஸ்.’ தமிழில் பாடும் பங்குகள் தமிழாக்கியவர் பெயரையும் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
பாடகற்குழுப் பயிற்சியாளர்கள்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.