தினமும் பல் ஆஸ்பத்திரிக்குப் போனவனின் நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம். முக்கூடல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கான்கிரீட் இறுகும்வரை பலகை அடித்து முட்டுக் கொடுக்கிற சென்ட்ரிங் வேலை பார்க்கிறவன். வலி மாத்திரையும் ஊசியுமாக நாலு வருஷம் போதையில் கிடந்தேன். 2023 ஆனித் தேர் முடிந்த மறுவாரம் பாளையங்கோட்டையில் ஒரு போதை மீட்பு சிகிச்சை மையத்துக்குப் போக ஆரம்பித்தேன். இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். இந்த மடலில் யார் பெயரும் இருக்காது. "எம் பேரைப் போட்டுராதடே, எங்க மாமியா வரைக்கும் படிச்சிருவாவ" என்று நர்ஸக்கா முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

முதல் நன்றி ஒரு தண்ணி லாரிக்காரருக்கு. அவர் யாரென்று இன்றுவரை தெரியாது. அதற்கு முந்தின வருஷம் என்னை ஒரு இடத்தில் 90 நாள் பூட்டி வைத்திருந்தார்கள். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. வெளியே வந்த மூன்றாம் நாள் பழைய அளவையே எடுத்தேன். மூன்று மாதம் இல்லாமல் இருந்து பழகிய உடம்பு பழைய அளவைத் தாங்காது, மூச்சு அடங்கிவிடும் என்று அங்கே ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை. பேட்டைப் பக்கம் ஒரு குட்டிச்சுவர் ஓரத்தில் உதடு நீலம் பாய்ந்து கிடந்தவனைப் பார்த்து, லாரியை நிறுத்தி, 108-ஐக் கூப்பிட்டு, வண்டி வரும்வரை கன்னத்தில் தட்டித் தட்டி உட்கார்ந்திருந்தாராம். என்னோடு அங்கே பூட்டிக் கிடந்த பையன் ஒருவன் அடுத்த மாதம் அதே மாதிரி விழுந்தான். அவன் பக்கமாக எந்த லாரியும் வரவில்லை.

இரண்டாவது எங்கள் மதினிக்கு. வீட்டில் எல்லோரும் என்னைத் தலைமுழுகிவிட்ட பிறகு, போதை மீட்பு உதவி எண் 14446 என்று எங்கேயோ பார்த்து, அண்ணனுக்குத் தெரியாமல் போன் போட்டது அவள்தான். எங்கம்மைக்கு ஒரே பயம், ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸுக்குச் சொல்லி கேஸ் போட்டுவிடுவார்கள் என்று. தெருவில் குடியிருக்கும் ஏட்டையா ஒருத்தர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து விளக்கினார். 1985-ஆம் வருஷப் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. எடுத்துக்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ மாட்டினவன்கூட, தானாகச் சிகிச்சைக்கு வந்தால் வழக்கிலிருந்து விலக்கு கேட்கலாம். "பாதியில ஓடுனாம்னா அந்த விலக்கைத் திரும்ப எடுத்துக்கிடவும் சட்டத்துல இடம் இருக்கு, பாத்துக்கிடுங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் ஓடுகிற ஆள் என்று அவருக்குத் தெரியும்.

முதல் நாள் டாக்டர் மாத்திரை தரவே இல்லை. புப்ரெனார்பின் என்று பெயர், பழைய சரக்கின் ஏக்கத்தை அடக்குகிற மருந்து, நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும். உள்ளே பழைய சரக்கு இருக்கும்போதே இதைப் போட்டால், மாத்திரையே அதைப் பிடித்துத் தள்ளிவிட்டு, நடுக்கமும் வாந்தியும் ஒரேயடியாக வந்துவிடுமாம். முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு எதையும் தொடவில்லை என்று நான் சத்தியம் பண்ணினேன். காலையில்தான் எடுத்திருந்தேன். "கொட்டாவி வரட்டும், கை மயிர் சிலுக்கட்டும், அப்புறம் தாரேன்" என்று வராந்தாவில் உட்கார்த்தி வைத்துவிட்டார். சாயங்காலம் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஓட, எட்டூருக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கிறேன். "இப்பதாம்டே ஒம் பேச்சும் ஒடம்பும் ஒண்ணு சொல்லுது" என்று மாத்திரையை எடுத்தார். என் பொய்யைச் சபையில் போட்டு உடைக்காததற்கு அவருக்கு ஒரு நன்றி.

எங்கம்மை பீடி சுற்றுகிறவள். பீடி இலை வைக்கிற சுளவு (முறம்) மடியில் இருந்தால்தான் அவளுக்குப் பேச்சு வரும். "மாத்திரைக்கு மாத்திரையா? இதை எப்ப நிறுத்துவீய?" என்று டாக்டரிடம் கேட்டது அவள் சுளவு இல்லாமல் பேசிய அபூர்வமான பேச்சு. இந்த மருந்தை உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது என்றார் டாக்டர். அது அம்மைக்கு ஏறவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "பெரிய பீம் போட்டா எத்தனை நாளுடே கீழ நிக்கிற முட்டுக் கம்பைப் பிரிக்காம வைப்ப?" என்று கேட்டார். 21 நாள் என்றேன். "வீட்டுக்காரன் அவசரப்பட்டா?" வீட்டுக்காரன் அவசரப்பட்டால் அவன் தலையில்தான் விழும் என்றேன். அம்மை அதற்குப் பிறகு எப்போது நிறுத்துவீர்கள் என்று கேட்கவில்லை. தினம் சுற்றுகிற பீடிக் கூலியிலிருந்து பஸ் காசை எடுத்து அஞ்சறைப்பெட்டியில் சீரகத்துக்குப் பக்கத்துக் குழியில் போட்டு வைத்தாள். என் சட்டைப் பையில் கொஞ்ச நாள் சீரக வாசம்தான்.

முதல் மாதங்களில் மாத்திரையைக் கையில் தர மாட்டார்கள். தினமும் போய் நர்ஸக்கா முன்னால் நாக்கைத் தூக்கிக் காட்டி, அது கரைகிறவரை பத்து நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும். முக்கூடலிலிருந்து இரண்டு பஸ். எட்டு மணிக்கு சைட்டில் நிற்க வேண்டியவன் பத்தரைக்குப் போனால் எந்தக் கொத்தனார் சேர்ப்பார்? எங்கள் கொத்தனார் அண்ணாச்சி சேர்த்தார். காலையில் விட்ட நேரத்தை சாயங்காலம் கம்பி கட்டிக் கழித்தேன். மற்ற ஆட்களிடம் "அவன் பல் ஆஸ்பத்திரிக்குப் போறான்" என்று சொல்லி வைத்திருந்தார். நாலு மாதம் கழித்து ஒரு சித்தாள் பெரியம்மா, "ஏ அண்ணாச்சி, அந்தப் பயலுக்கு மொத்தம் எத்தனை பல்லு?" என்று கேட்டுவிட்டார்.

இனி, இந்த மடலை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வருஷத் தீபாவளிக்குக் கையில் மொத்தமாகக் காசு வந்தது. பழைய கூட்டாளி ஒருத்தன் வந்தான். பதினோரு நாள் மையத்துக்குப் போகவில்லை. மூன்றாம் நாளே ஆலோசகரம்மா போன் அடித்தார். நான் எடுக்கவில்லை. மறுநாளும் அடித்தார். எடுத்து, திட்டு வாங்கத் தயாராக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "சாப்ட்டியா?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. "என்னைக்கு வாரியோ அன்னைக்கு வா, ஒன் பேரை அடிக்கல" என்று வைத்துவிட்டார். அடுத்த வாரம் களப்பணியாளர் தம்பி வீட்டுக்கு வந்தார். நான் பின்வாசல் வழியாக வாழைத் தோப்புக்குள் போய்விட்டேன். அம்மையிடம் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, ஊர்க்கதை பேசிவிட்டு, என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போயிருக்கிறார். அதுதான் என்னைக் குத்தியது.

பன்னிரண்டாம் நாள் போனேன். சிறுநீர்ப் பரிசோதனையில் எல்லாம் தெரிந்தது. நான் முன்பு போன இடத்தில் இதற்குப் பெயர் ஒழுங்குமீறல், பெட்டியைத் தூக்கித் தெருவில் வைப்பார்கள். இங்கே நர்ஸக்கா ரெஜிஸ்டரில் மறுபடியும் என் பெயரை எழுதிவிட்டு, "இத்தனை நாள் விட்டதால பழைய அளவுல ஆரம்பிக்க முடியாது, கம்மியா வச்சு ஏத்துவோம்" என்றார். நோய் ஏறியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியைவிட்டு நோயாளியை விரட்டுகிற வழக்கம் சர்க்கரைக்கும் கிடையாது, காசத்துக்கும் கிடையாது. எங்களுக்கு மட்டும் பல இடங்களில் இருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

அடுத்த மாதம் வெள்ளம். 2023 டிசம்பர் 18, திங்கட்கிழமை. தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது, பஸ் இல்லை, கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை. இந்த மாத்திரை உடம்பில் கொஞ்சம் நின்று பேசும், அதனால் முதல் நாள் சமாளித்தேன். இரண்டாம் நாள் ராத்திரி கால் எலும்புக்குள் யாரோ திருகுவது போல இருந்தது. பழைய கூட்டாளி வீடு ரெண்டே தெரு, அங்கே வெள்ளமும் ஏறவில்லை. புதன்கிழமை காலை வாசலில் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல். மையத்துக்கு என்னோடு வருகிற பெரியவர், வயசு அறுபது இருக்கும், இடுப்பு வரை சேறு. "ஏறுல" என்றார். சுற்றிச் சுற்றி, இரண்டு இடத்தில் வண்டியைத் தூக்கிக்கொண்டு, மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். நர்ஸக்கா மெழுகுவத்தி வெளிச்சத்தில் ரெஜிஸ்டரை வைத்துக்கொண்டு யார் யார் வரவில்லை என்று கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்குள்ளும் முழங்கால் தண்ணீர் என்று பிறகுதான் தெரிந்தது.

ரத்தப் பரிசோதனை செய்து, ஊசி வழியாகத் தொற்றுகிற ஈரல் நோயான ஹெபடைட்டிஸ் சி இருக்கிறதென்று கண்டுபிடித்துச் சொன்ன லேப் தம்பிக்கும் நன்றி. 12 வாரம் மாத்திரை, இலவசம், இப்போது அந்த நோய் இல்லை. தினமும் அங்கே போய்க்கொண்டிருந்ததால்தான் ஒரு நாள் விடாமல் அதையும் முழுங்கினேன்.

இப்போது வாரத்துக்கு ஒரு தடவை போனால் போதும், மற்ற நாளுக்கு மாத்திரை வீட்டுக்கே தருகிறார்கள். அம்மை அதைப் பூட்டி வைத்திருக்கிறாள், அண்ணன் பிள்ளைகள் கையில் பட்டுவிடக் கூடாதே என்று.

விட்டுப்போன ஒருவர், மையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. மாத்திரை கரைந்து முடிந்ததும் வாய்க் கசப்புக்கு ஒரு டீ, கையில் காசு இல்லாத நாளெல்லாம் கணக்கு. நோட்டில் என் பெயருக்கு நேரே 'பல்லு' என்றுதான் எழுதியிருக்கிறார். 340 ரூபாய் நிற்கிறது அண்ணாச்சி, வருகிற சனிக்கிழமை கூலி வாங்கினதும் தந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
முக்கூடல் பக்கத்து சென்ட்ரிங்காரன்