சனிக்கிழமைப் பயிற்சி பற்றிப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பும் நேரத்தில் ஒரு தந்தை என்னிடம் வந்தார். "மாசத்துல ரெண்டு சனிக்கிழமை டீச்சருங்க பயிற்சின்னு உட்கார்றாங்களே, அது முகாம் பசங்களுக்காகத்தானாமே? அப்போ எங்க பசங்களுக்கு?" என்று கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை. கூட்டத்திலேயே நான் விளக்கியிருக்க வேண்டும். இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கும் பெற்றோருக்கும் ஊருக்குள் இருக்கும் பெற்றோருக்கும் சேர்த்து இந்த ஒரே கடிதத்தை எழுதுகிறேன்.

நம் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம். ஏழாம் வகுப்பில் ‘எங்கள் சொந்த ஊர்’ என்று கட்டுரை கொடுத்திருந்தோம். நன்றாக எழுதக்கூடிய ஒரு பெண், பெயரும் தேதியும் மட்டும் எழுதி வெறும் தாளைக் கொடுத்துவிட்டாள். ஆசிரியர் பூஜ்யம் போட்டார். நோட்டு என் மேசைக்கு வந்தபோது நானும் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் அவளைக் கூப்பிட்டுக் கேட்கத் தோன்றியது. "எந்த ஊரை எழுதுறது மிஸ்?" என்றாள். அவளுடைய அப்பம்மா பிறந்தது கிளிநொச்சிப் பக்கம். அப்பா பிறந்தது மண்டபம் முகாமில். அவள் பிறந்தது நம் அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியில். பக்கத்து பெஞ்சில் இருந்தவன், "உங்க ஊரு சிலோன்தானே, அதை எழுது" என்று சொல்லியிருக்கிறான். அவள் சிலோனைப் பார்த்ததே இல்லை.

அடுத்த வாரம் தலைப்பை மாற்றி, ‘எனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடம்’ என்று கொடுத்தோம். மூன்று பக்கம் எழுதினாள். முகாமில் புது வீடு கட்டும்போது பழைய வீட்டு வாசல் முருங்கையை வெட்டினார்களாம். அப்பம்மா அதில் ஒரு போத்தை எடுத்து ஈரச்சாக்கில் சுற்றிவைத்து, வீடு முடிந்ததும் பின்பக்கம் நட்டாராம். அது துளிர்த்ததா என்று தினமும் காலையில் போய்ப் பார்ப்பாளாம். அந்த நோட்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அதில் ‘அப்பம்மா’ என்ற சொல்லைச் சிவப்பு மையில் சுழித்து, மேலே ‘பாட்டி’ என்று எழுதியிருந்தது. ஆசிரியர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவருக்கு அது பிழையாகத் தெரிந்தது, அவ்வளவுதான். ஒருவரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. இந்தப் பயிற்சி அங்கிருந்துதான் தொடங்கியது.

இலங்கையில் நடந்த 1983 கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் தமிழ்நாட்டிலேயே பிறந்தவர்கள். 2021இல் அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. அந்த ஆண்டு நவம்பரில் முகாம்களுக்கான புது வீடுகளுக்கு அடிக்கல் நாட்டியதும் நம் மேல்மொணவூரில்தான். பலகையில் பெயர் மாறிவிட்டது. வகுப்பறையில் நம் வாயில் வரும் பெயர் மாற இன்னும் கொஞ்சம் உழைக்க வேண்டியிருக்கிறது.

முதல் சனிக்கிழமை எந்தப் புத்தகமும் திறக்கவில்லை. முகாமிலிருந்து நான்கு தாய்மார்கள் வந்து பேசினார்கள், ஆசிரியர்கள் கேட்டார்கள். கொப்பி என்றால் நோட்டு, கதிரை என்றால் நாற்காலி, சப்பாத்து என்றால் ஷூ, ஓம் என்றால் ஆமாம் என்று கரும்பலகை நிறைய எழுதினோம். வருகைப் பதிவில் "ஓம் மிஸ்" என்று சொன்ன பையனைக் கேலி செய்கிறான் என்று நினைத்து நிற்கவைத்ததை ஓர் ஆசிரியர் தானாகவே எழுந்து சொன்னார். அந்தப் பையனின் அம்மாவும் அங்கே இருந்தார். "பரவாயில்லை மிஸ், இனித் தெரியும்தானே" என்றார். அன்று நான் பார்த்த எல்லாவற்றிலும் எனக்குப் பெரிதாகப் பட்டது அதுதான்.

அப்புறம், மனம் கலங்கிய பிள்ளையிடம் எப்படி நடந்துகொள்வது என்று பார்த்தோம். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டில் மூன்றே படிகள்தான்: பார், கேள், இணை. பிள்ளை ஆபத்தில்லாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது சொல்ல வருவதைக் கேட்க வேண்டும். சொல்லாததைத் தோண்டக் கூடாது. நம்மால் முடியாததை, செய்யக்கூடியவரிடம் சேர்க்க வேண்டும். கேட்க எளிது. பழக்கத்தில், நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், ரொம்பக் கஷ்டம். "ஏன் அழற? என்ன நடந்துச்சு?" என்று எல்லார் முன்னாலும் கேட்பதுதான் நமக்கெல்லாம் கைவந்த வழக்கம். அதை விடுவதற்கே பல வாரம் ஆகிறது.

ஆசிரியர்களுக்கும் யாராவது வேண்டும். ஒரு வீட்டின் கதையைக் கேட்டுவிட்டு இரவு தூங்காமல் மறுநாள் முதல் பீரியடுக்கு வந்து நிற்பவரைப் பார்த்திருக்கிறேன். அதனால் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில், இரண்டு பேராக உட்கார்ந்து பேச அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். அந்த நேரத்தில் பதிவேடு, விவரம் என்று யாரும் அவர்களைக் கூப்பிடக் கூடாது. அவர்களுடைய வகுப்புகளை நானும் உதவித் தலைமையாசிரியரும் பார்த்துக்கொள்கிறோம்.

இனி அந்தத் தந்தையின் கேள்விக்கு வருகிறேன். பேசத் தயங்கும் பிள்ளைக்காகக் காத்திருக்கக் கற்ற ஆசிரியர், உங்கள் பிள்ளைக்காகவும் காத்திருப்பார். வீட்டில் அப்பா குடித்துவிட்டு வந்த மறுநாள், வேலைக்காக ஓசூருக்கோ பெங்களூருக்கோ போன அம்மாவை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாள் என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் நாட்கள் இருக்கின்றன. பாடமும் விரிகிறது. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீவிக்கிரமராஜசிங்கனை ஆங்கிலேயர் 1816இல் கொண்டுவந்து நம் வேலூர்க் கோட்டையில்தான் சிறைவைத்தார்கள். 1832இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவர் சமாதி இருக்கிறது. எட்டாம் வகுப்பைக் கோட்டைக்கு அழைத்துப்போன சமூக அறிவியல் ஆசிரியர், கண்டி மகாலின் முன்னால் நின்று இதைச் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் கண்டி எங்கே, யாழ்ப்பாணம் எங்கே என்று ஊர்ப் பிள்ளைகள் முகாம் பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். வீட்டில் பேசும்போது ‘அகதிப் பசங்க’, ‘சிலோன்காரப் பசங்க’ என்று சொல்லாதீர்கள்; நீங்கள் சொல்வதைத்தான் பிள்ளைகள் வகுப்புக்குக் கொண்டுவருகிறார்கள். முகாமில் இருக்கும் பெற்றோர்களே, மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று சொந்தக்காரர் பிள்ளை யாரையாவது வீட்டில் நிறுத்தி வைத்திருந்தால் நேராக என்னிடம் அழைத்து வாருங்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளையை அந்தக் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொண்டு, விட்டுப்போன பாடத்தை நாங்கள் சொல்லிக்கொடுப்போம்.

அடுத்த பயிற்சி வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு. பெற்றோர் நான்கு பேர் வரலாம். இந்த முறை இரண்டு பேர் முகாமிலிருந்தும் இரண்டு பேர் ஊரிலிருந்தும் வந்தால் நன்றாக இருக்கும். கேள்வி கேட்ட அந்தத் தந்தைக்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன். முகாமில் அன்று ஆள் கணக்கெடுப்பு இருந்தால் வியாழனுக்குள் சொல்லிவிடுங்கள், நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். மதியச் சாப்பாடு பள்ளியிலேயே.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்