ஆளுக்கொரு வாக்கியம்

அன்பு மணி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். எனக்கு இங்கே ஷாங்காயில் குளிர்தான் எதிரி. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் பேச்சுத்துணைக்கு எதிர்வீட்டுக்காரர்கள்தான். முப்பது வருஷம் ஆங்கிலம் நடத்திய வாய் சும்மா இருக்குமா?

முதல் நாள் லிஃப்டில் அந்த வீட்டு அம்மாவிடம் "ஹவ் ஆர் யூ?" என்றேன். "ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?" என்று ஒரே மூச்சில் வந்தது பதில். அதற்கு மேல் எதைக் கேட்டாலும் சிரிப்புதான். அவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், ஆன்ஹுவி மாகாணத்துக்காரர். தொண்ணூறுகளில் அங்கே நடுநிலைப் பள்ளியில்தான் ஆங்கிலமே ஆரம்பம். பாடப்புத்தகத்தில் லீ லெய் என்று ஒரு பையன், ஹான் மெய்மெய் என்று ஒரு பெண். நாடு முழுக்கக் கோடிக்கணக்கான பிள்ளைகள் இந்த இருவரோடுதான் ஆங்கிலம் படித்தார்கள். இருவருக்கும் கல்யாணம் ஆனதா இல்லையா என்று அந்த வயதுக்காரர்கள் இன்னும் பேசிக்கொள்கிறார்களாம்! இலக்கணம் கேட்டால் பிளந்து கட்டுவார்கள், வாய் மட்டும் திறக்காது. 'ஊமை ஆங்கிலம்' என்று சீனர்களே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அவருடைய அப்பா கதை வேறு. அவர் படித்தது மாவோ நடத்திய கலாசாரப் புரட்சிக் காலத்தில். நினைவில் நிற்கும் ஒரே வாக்கியம், "லாங் லிவ் சேர்மன் மாவோ". அந்த அப்பாவின் அண்ணன் படித்ததோ ரஷ்ய மொழி. ஐம்பதுகளில் சோவியத் சிநேகம் உச்சத்தில் இருந்ததால் பள்ளிகளில் ரஷ்ய மொழிக்குத்தான் முதலிடம். அந்தச் சிநேகம் கசந்த பிறகுதான் ஆங்கிலத்துக்கு மறுபடி மரியாதை. 1977இல் காவ்காவ் என்கிற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு திரும்பி வந்தது. அதில் ஆங்கிலத்தின் மதிப்பெண்ணை முதலில் பேருக்குத்தான் பார்த்தார்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார்கள். இன்றைக்கு 150, சீன மொழிக்கும் கணக்குக்கும் சமம். தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் பள்ளி நடத்தும் என்று நீ ஸ்டாஃப் ரூமில் கத்துவாயே, அது இங்கேயும் அப்படியே பொருந்துகிறது.

2001இல் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் என்று ஆணை வந்தது. ஷாங்காயில் ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறார்கள். எதிர்வீட்டுப் பெரிய பெண் சின்ன வயதில் அமெரிக்க ஆசிரியை ஒருவரிடம் கணினி வழியே ட்யூஷன் படித்தாளாம். 2021 ஜூலையில் லாபத்துக்கு நடத்தும் பள்ளிப்பாட ட்யூஷனுக்கு அரசு தடை போட்டது, வெளிநாட்டில் இருப்பவர்களை வைத்து நடத்துவதும் கூடாது என்றது. அடுத்த மாதமே, தொடக்கப் பள்ளியில் ஆங்கிலத்துக்குப் பருவ இறுதித் தேர்வு வேண்டாம் என்று ஷாங்காயில் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறையட்டும் என்றுதான். ஆனால் காவ்காவில் அந்த 150 அப்படியே இருக்கிறதே, எந்தத் தாய்க்குத் தூக்கம் வரும்? தம்பிக்காரனிடம் வீட்டிலேயே அம்மா ஆங்கில வார்த்தைகளைக் கேள்வி கேட்டுப் பார்க்கிறார்.

போன வாரம் எதிர்வீட்டுத் தாத்தா, அதுதான் அந்த மாவோ வாக்கியக்காரர், என்னிடம் ஒரு புது வாக்கியம் கேட்டார். "இட் இஸ் வெரி கோல்ட் டுடே" சொல்லிக் கொடுத்தேன். இரண்டு நாளாக நல்ல வெயில். ஆனாலும் லிஃப்டில் பார்த்தால் அதையேதான் உரக்கச் சொல்கிறார்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
ராமு