எபாக்ஸி பூசுவதற்கு முன் தரையின் ஈரத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீட்டுப் பராமரிப்புப் பக்கத்தில், நிலவறையின் கான்கிரீட் தரைக்கு ஆள் வைக்காமல் நாமே எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்து பூசும், கெட்டியாக இறுகும் பூச்சு) பூசிக்கொள்வது குறித்து வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நிறத்தைத் தேர்ந்தெடுப்பது, ரோலரைக் கையாள்வது, ஈரம் காயுமுன் வண்ணச் செதில்களைத் தூவுவது ஆகியவற்றைக் கட்டுரையாளர் பொறுமையாக விளக்கியிருந்தார். அதற்கு என் நன்றி. ஆனால் பூச்சுக்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் அனைத்தும் ‘தரையை நன்கு சுத்தம் செய்து உலரவிடவும்’ என்ற ஒரே வரியில் முடிந்துவிட்டன. அதே போன்ற ஒரு வரியை நம்பிச் சில ஆண்டுகளுக்கு முன் இந்த வேலையில் இறங்கியவன் என்பதால், அந்த வரிக்குள் அடங்கியிருக்க வேண்டியவற்றை இங்கே எழுத விரும்புகிறேன்.

என் வீட்டு நிலவறையை இரண்டு முறை பெருக்கி, ஒரு முறை சோப்புத் தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு எபாக்ஸி பூசினேன். முதல் சில மாதங்கள் தரை கண்ணாடி போல இருந்தது. மழைக்காலம் முடிந்த பிறகு, சுவரோரமாக மிளகு அளவில் கொப்புளங்கள் தோன்றின; பிறகு அவை ஒன்றோடொன்று சேர்ந்து, விரல் நகத்தால் நெம்பினாலே பூச்சு உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து வந்தது. பெயர்ந்த துண்டைத் திருப்பிப் பார்த்தபோது, அதன் அடிப்பக்கம் முழுவதும் சாம்பல் நிறப் பொடி ஒட்டியிருந்தது. எபாக்ஸி தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது, அது எதைப் பிடித்துக்கொண்டதோ அதுதான் தரையை விட்டு வந்துவிட்டது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கான்கிரீட் பார்வைக்குக் கல் போல இருந்தாலும் அதனுள் மயிரிழை போன்ற நுண்துளைகள் எங்கும் ஓடுகின்றன. நிலவறைத் தரை மண்ணை ஒட்டியே கிடப்பதால், மண்ணின் ஈரம் அந்தத் துளைகள் வழியே மேலேறி, மேற்பரப்பில் ஆவியாகிக் காற்றில் கலந்துகொண்டே இருக்கும். தரை போடும்போதே அடியில் பாலித்தீன் விரிப்பு இட்டிருந்தால் இந்த ஏற்றம் வெகுவாகக் குறையும். பழைய வீடுகள் பலவற்றில் அது இருப்பதில்லை. வெறும் தரையாக இருக்கும் வரை ஆவி போய்விடுவதால் நம் கண்ணுக்கு எதுவும் தெரியாது. நாம் எபாக்ஸியால் மேலே மூடிய உடன் அந்த ஈரம் பூச்சுக்கு அடியில் தேங்கி, கான்கிரீட்டின் உப்புகளையும் காரத்தையும் கரைத்துக்கொண்டு, பூச்சை அடியிலிருந்து தள்ளத் தொடங்குகிறது. ஆகவே, தரையிலோ சுவரின் அடிப்பகுதியிலோ வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், ஓதம் ஏறுகிறது என்று கொள்ள வேண்டும்.

இதைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் சதுரமான, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி டேப்பால் ஒட்டிக் குறைந்தது 16 மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். எடுத்துப் பார்க்கும்போது தாளின் உட்புறம் நீர் முத்துகள் இருந்தாலோ, தாள் மூடியிருந்த இடம் மட்டும் கருத்துத் தெரிந்தாலோ, அந்தத் தரை இப்போதைக்குப் பூச்சுக்கு உரியதன்று. சுவரோரம், நடுப்பகுதி, வடிகாலுக்கு அருகில் எனப் பல இடங்களில் இதைச் செய்ய வேண்டும். இந்தச் சோதனை அன்றைய நிலையை மட்டுமே காட்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. கோடையில் உலர்ந்து காட்டும் தரை, நிலத்தடி நீர் உயரும் பருவத்தில் வேறு விதமாக நடந்துகொள்ளும். என் தரையில் நேர்ந்ததும் அதுவே. ஐயம் இருப்பவர்கள், கான்கிரீட்டில் துளையிட்டு உள்ளே உள்ள ஈரப்பதத்தை அளக்கும் கருவி வைத்திருப்பவரை அழைத்து அளந்துகொள்வது நல்லது. ஓதம் இருப்பது தெரிந்தால், வெளியே மழைநீர் சுவரை ஒட்டித் தேங்காமல் வாட்டம் தருவது, வடிகாலைச் சீர்செய்வது ஆகிய வேலைகளே முதலில் வர வேண்டும். அடியிலிருந்து நீர் அழுத்திக்கொண்டிருக்கும் தரையில் எத்தனை கோட் அடித்தாலும் நிற்காது.

அடுத்தது மேற்பரப்பு. கான்கிரீட் போட்டுத் தேய்க்கும்போது மேலே மிதந்து வந்து உறையும் சிமென்ட் பால் மிக மெலிந்த, வலுவற்ற படலம். என் பூச்சின் அடியில் ஒட்டி வந்த பொடி அதுதான். அதை நீக்கி, நடுத்தர உப்புத்தாளைத் தொடுவது போன்ற சொரசொரப்பைக் கொண்டுவந்தால்தான் எபாக்ஸிக்குப் பிடிமானம் கிடைக்கும். தரையில் சில துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள்: துளி உடனே உறிஞ்சப்பட்டால் சரி, முத்தாக உருண்டு நின்றால் எண்ணெயோ, துளைகளை அடைக்கப் பூசிய பழைய சீலரோ, பெயின்ட்டோ அங்கே இருக்கிறது என்று பொருள்.

இதற்காக அமிலம் ஊற்றிக் கழுவும் முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். நிலவறைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காற்றோட்டம் குறைந்த இடத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஆவி நுரையீரலைத் தாக்கும், அங்குள்ள இரும்புப் பொருள்களையும் அரிக்கும். அதைவிட, உலர்த்த வேண்டிய தரையில் நாமே வாளி வாளியாக நீரைக் கொட்டுகிறோம். செய்தே தீர வேண்டியவர்கள், தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், ஒருபோதும் அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பிறகு சமையல் சோடாக் கரைசலால் அமிலத்தன்மையை முறித்து, பலமுறை அலசிவிட வேண்டும். வைரக் கல் பொருத்திய கிரைண்டரை வாடகைக்கு எடுத்துத் தேய்ப்பதே எனக்குச் சிறந்ததாகப் பட்டது. அதிலும் ஓர் ஆபத்து உண்டு. கான்கிரீட்டைத் தேய்க்கும்போது எழும் நுண்ணிய சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோயைத் தரும். எனவே தூசை உறிஞ்சும் வாக்குவம் இணைந்த இயந்திரமும், முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் தூசு வடிகட்டி முகமூடியும் கட்டாயம். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு இந்த வேலையைச் செய்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது.

கலவையைப் பற்றியும் கட்டுரை இன்னும் சற்றுச் சொல்லியிருக்கலாம். எபாக்ஸி என்பது பெயின்ட்டைப் போலக் காய்ந்து இறுகுவதில்லை. ரெசின் என்னும் பிசினும், அதை இறுகச் செய்யும் ஹார்டனரும் ஒன்றோடொன்று வினைபுரிந்து கெட்டிப்படுகின்றன. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டிவிட்டால், இணை கிடைக்காத மிச்சம் உள்ளேயே தங்கிப் பூச்சு பிசுபிசுப்பாகவே இருந்துவிடும். டின்னில் குறித்துள்ள விகிதத்தில், வாளியின் அடியையும் ஓரங்களையும் வழித்துக் கலக்க வேண்டும். இந்த வினை வெப்பத்தை வெளியிடுகிறது. கலவை வாளியில் குவிந்து கிடந்தால் அந்தச் சூடே வினையை மேலும் விரைவாக்கி, சில சமயம் புகை கிளம்பும் அளவுக்குப் போய்விடும். கலந்த உடன் தரையில் பட்டையாக ஊற்றிப் பரப்பிவிடுவது இதனால்தான். ஒரே தடவையில் கரைப்பான் கலவாத எபாக்ஸியைக் கால் மில்லிமீட்டர் கனத்தில் பூசினால் ஒரு லிட்டர் 4 சதுர மீட்டருக்குத்தான் வரும். 40 சதுர மீட்டர் நிலவறைக்கு ஒரு கோட்டுக்கே 10 லிட்டர் தேவை. பாதியில் தீர்ந்துபோய் மறுநாள் தொடர்ந்தால், இணைந்த கோடு என்றைக்கும் தெரியும்.

நிலவறைக்கே உரிய இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அங்கே தரை குளிர்ந்தே இருக்கும். புழுக்கமான நாளில் ஜன்னலைத் திறந்துவைத்தால், வெளியிலிருந்து வரும் ஈரக் காற்று அந்தக் குளிர்ந்த தரையில் பட்டுக் கண்ணுக்குத் தெரியாத பனியாகப் படியும். அதன் மேல் பூசினால் பூச்சு வெண்மை பூத்து, எண்ணெய் தடவியது போன்ற படலம் மேலே தோன்றும். காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிடத் தரையின் வெப்பநிலை குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது இத்தொழிலில் உள்ளோர் கடைப்பிடிக்கும் விதி. அதற்காகக் காற்றோட்டத்தை நிறுத்திவிடவும் கூடாது. கரைப்பான் கலந்த வகைகளின் ஆவி காற்றைவிடக் கனமானது. தாழ்ந்த இடத்தில் தேங்கி, கேஸ் வாட்டர் ஹீட்டரின் சிறு சுடரிலேயே தீப்பற்றக்கூடும். ஆகவே வறண்ட நாளைத் தேர்ந்தெடுத்து, சுடர்களை எல்லாம் அணைத்து, மின்விசிறியால் காற்றை வெளியே தள்ளிக்கொண்டே வேலை செய்ய வேண்டும்.

தோலைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. இறுகாத எபாக்ஸி தோலில் மீண்டும் மீண்டும் பட்டால் ஒவ்வாமை உண்டாகும். ஒருமுறை வந்துவிட்டால், பிறகு சிறு துளி பட்டாலும் அரிப்பும் தடிப்பும் வரும், பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும். நைட்ரைல் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிய வேண்டும். கையில் பட்டதைத் தின்னரால் துடைப்பது மிகத் தவறு; அது ரெசினைத் தோலுக்குள் கொண்டு சேர்க்கும். சோப்பும் தண்ணீரும் போதும்.

தயாரிப்பு நிறுவனங்கள், ஈரச் சோதனையைப் பற்றிய குறிப்பைக் கையேட்டின் உட்பக்கத்தில் சிறிய எழுத்தில் வைக்காமல், டின்னின் முன்பக்கத்தில் அச்சிட வேண்டும். தங்கள் நாளிதழும் மேற்சொன்ன பிளாஸ்டிக் தாள் சோதனையையும், தூசு, ஆவி, தோல் பற்றிய எச்சரிக்கைகளையும் அதே பக்கத்தில் படத்துடன் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையைப் படித்து ஏற்கெனவே எபாக்ஸி வாங்கிவிட்ட வாசகர்கள் அவசரப்பட வேண்டாம். திறக்காத டின் அதில் குறித்துள்ள காலாவதித் தேதி வரை கெடாது. ஒரு மழைக்காலம் முழுவதும் தரையைச் சோதித்துப் பார்த்த பின்பும் அதைத் திறக்க நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்