முதலில் தூண், மோட்டார் அப்புறம்

கோயம்புத்தூர்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதமும் டிராயிங்கும் வந்து சேர்ந்தன. மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். ஸ்வீட் எங்கே என்று கேட்கச் சொன்னாள் உன் தங்கச்சி.

சரி, நீ சொந்தமாகக் கட்டப்போகிற மில்லிங் மெஷினுக்கு வருகிறேன். இரண்டு பக்கத்துக்கு மோட்டாரையும் கன்ட்ரோல் போர்டையும் பற்றி எழுதியிருக்கிறாய், தூணுக்கு ஒரே வரி. எனக்கு அதுதான் கவலை. அதில் நீ செய்யப்போவது நீராவி எஞ்சின் மாடல். இரும்பையும் எஃகையும் வெட்டியாக வேண்டும். கட்டர் ஜாபை, அதாவது வெட்டப்படும் துண்டைத் தொட்டதும் அந்த விசை ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றும் தண்டு), அதைத் தாங்கும் தலை, தூண், பேஸ், டேபிள், ஜாபைப் பிடிக்கும் வைஸ் எனச் சுற்றி ஜாபுக்கே திரும்பி வருகிறது. இதில் எது நெளிந்தாலும் கட்டர் அலறும், பரப்பில் வரி வரியாக விழும்.

தூணுக்கு அலாய் ஸ்டீல் வாங்கப்போகிறேன் என்கிறாய். காசுக்குப் பிடித்த கேடு. உடையாமல் தாங்குவதில்தான் அது உசத்தி. வளைவதில் சாதா எம்.எஸ்.ஸும் (மைல்டு ஸ்டீல்) அதுவும் ஒன்றுதான், இரண்டுக்கும் விறைப்பு எண் சுமார் 200 கிகாபாஸ்கல். அலுமினியம் அதில் மூன்றில் ஒரு பங்கு. அதனால் காசை ரகத்தில் போடாதே, குழாயின் அளவைக் கூட்டுவதில் போடு. 6 மில்லிமீட்டர் சுவருள்ள சதுரக் குழாயை 100-லிருந்து 150 மில்லி ஆக்கினால் எடை ஒன்றரை மடங்கு, விறைப்பு மூன்றரை மடங்கு. அப்புறம் தலையைத் தாங்கும் கையின் நீளம். அது இரட்டித்தால் வளைவு எட்டு மடங்கு. நீ 250 மில்லி போட்டிருக்கிறாய். உன் வேலைக்கு 150 தாராளம்.

என் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. தூணை வெல்டு செய்து, ஃபர்னஸில் 600 டிகிரி வாக்கில் வைத்து உள்தகைப்பை (வெல்டிங் உள்ளே விட்டுவைக்கும் இழுவிசையை) எடுத்த பிறகுதான், நகரும் பகுதி ஓடும் ரெயில் உட்காரும் முகங்களை மெஷின் செய்தேன். முந்திச் செய்தால் பிற்பாடு முறுக்கிக்கொள்ளும். குழாய்க்குள் கருங்கல் சில்லும் மணலும் எபாக்சியும் (இறுகிக் கெட்டியாகும் பசை) கலந்து அடைத்திருக்கிறேன். விறைப்பில் அது எஃகுக்குப் பக்கத்தில்கூட வராது, அதிர்வை விழுங்குவதற்காகத்தான் போட்டது.

இதை நீயும் கட்டாயம் செய்து பார்: ஸ்பிண்டில் மூக்கில் ஸ்பிரிங் தராசை மாட்டி 20 கிலோ இழு, டேபிளில் நிற்கும் டயல் கேஜின் (நுண்ணிய நகர்வைக் காட்டும் அளவி) முள் எவ்வளவு நகர்கிறது என்று பார். எனக்கு முதலில் முள் 0.05 மில்லி காட்டியது. டயலை ஒவ்வொரு இணைப்பாக மாற்றி வைத்துப் பார்த்தபோது தூண் சாது. மொத்த நகர்வில் பாதிக்கு மேல் தூணும் பேஸும் சேரும் இடத்தில்தான் இருந்தது. கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற இரண்டு முகங்கள் உண்மையில் அங்கங்கே மேடுகளில்தான் தொட்டுக்கொண்டிருக்கும். தூணை நேர் நிறுத்தி, இடைவெளியில் எபாக்சி ஊற்றி, அது இறுகிய பிறகு போல்ட்டை முழுசாக முறுக்கினேன். இப்போது 0.02-க்கு வந்துவிட்டது. சின்ன மெஷினுக்கு இது நல்ல கணக்கு.

நீ சொல்கிற 2.2 கிலோவாட், 24,000 சுற்று ஸ்பிண்டில் மரத்துக்கும் அலுமினியத்துக்கும் சரி. 6 மில்லி கார்பைடு கட்டரால் எஃகை வெட்ட 5,000 சுற்று பக்கம்தான் ஓட்டுவாய். வேகத்தைக் குறைத்தாலும் அதன் டார்க் (முறுக்கு விசை) அதிகமாகாது என்பதால் அந்த வேகத்தில் அரை கிலோவாட்கூட வராது. பெல்ட் போட்டு வேகத்தை இறக்கிய ஸ்பிண்டில்தான் உனக்குத் தோது. டேபிளை நகர்த்தும் திருகான பால் ஸ்க்ரூவுக்கு சி7 என்னும் துல்லிய ரகம் போதும், 300 மில்லி நீளத்துக்கு 0.05 மில்லி பிழை. அதற்கு மேல் இப்போது செலவு பண்ணாதே.

மோட்டாருக்கு இன்னும் பணம் கட்டவில்லையே? தூணும் பேஸும் சேரும் இடத்தைப் பெரிதாக வரைந்து அனுப்பு, போல்ட் எங்கெங்கே வருகிறது என்று குறித்து. இங்கே பழைய இரும்புக் கடையில் 150 சதுரக் குழாய் ஒரு துண்டு கிடக்கிறது, வேண்டுமென்றால் சொல், எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்