நடு சைலன்சரைத் திறக்க வழி விடுங்கள்: டிரயல்ஸ் வண்டி தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வடிவமைப்புப் பொறியாளர்களுக்கும் உதிரிபாகப் பிரிவினருக்கும்,

வணக்கம். உங்கள் டூ ஸ்ட்ரோக் டிரயல்ஸ் வண்டியை, பாறையையும் ஏற்றத்தையும் கால் ஊன்றாமல் மெதுவாகக் கடக்கும் போட்டிக்கான அந்த வண்டியை, ஆறு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். நான் கேட்கப்போவது ஒன்றுதான். முன்குழாய்க்கும் பின் சைலன்சருக்கும் நடுவில் இருக்கும் பெட்டியை, அதாவது நடு சைலன்சரை, வெல்டிங் வைத்து மூடாதீர்கள், போல்ட் போட்டு மூடுங்கள். சத்தத்தை அடக்க உள்ளே வைக்கிற கண்ணாடிப் பஞ்சைத் தனியாக விற்பனைக்குக் கொடுங்கள். அந்தப் பெட்டி புகைகிறது என்று சொல்லி, இதற்காக ஏற்கெனவே இரண்டு முறை எழுதியிருக்கிறேன். இரண்டு முறையும் ஒரே பதில்தான் வந்தது: "டூ ஸ்ட்ரோக் வண்டியில் புகை இயல்பு." அந்த வரியை எழுதியவரைப் போன மாதப் போட்டியில், பாறையும் ஏற்றமுமாகக் குறித்து வைத்த தடைப் பகுதிகளில் ஏழாவது செக்‌ஷனின் முடிவில் என் பக்கத்தில் நிற்க வைத்திருக்க வேண்டும்.

அன்று செக்‌ஷனுக்கு வெளியே நீண்ட வரிசை. அரை மணி நேரம் காத்திருந்தோம். இன்ஜினை அணைக்காமல் ஐடிலிங்கில் விட்டிருந்தேன். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். என் முறை வந்தது. முதலில் ஈரப் பாறைகள், அப்புறம் ஒரு செங்குத்தான மண் ஏற்றம். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க முறுக்கினேன். ஒரு தடவை கால் ஊன்றி மேலே வந்துவிட்டேன். கால் ஊன்றியதற்கு விழுந்த ஓர் அபராதப் புள்ளிக்காக வருத்தப்படக்கூட நேரமில்லை. பின்னாலிருந்து யாரோ "வண்டி எரியுது" என்று கத்தினார்கள்.

எரியவில்லை. ஆனால் எரிவதற்கு ஒரு படி முன்னால் இருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டேன். சைலன்சரிலிருந்து புகை நிற்கவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் ஆயிற்று. இன்ஜின் ஆறத் தொடங்கிய பிறகும் சைலன்சர் தன் போக்கில் புகைந்துகொண்டே இருந்தது. பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் மூடி மெழுகு மாதிரி தொங்கியது. வண்டியை ஓரமாகத் தள்ளும்போது கெண்டைக்காலில் சூடு பட்டது; தழும்பு இன்னும் ஆறவில்லை. நடுவர் பயந்து தீயணைப்பானைத் திறந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அந்த உலர் தூள் ஏர் ஃபில்டர், கார்புரேட்டரின் வாய், ரேடியேட்டரின் சந்துபொந்து என்று ஓர் இடம் விடாமல் புகுந்தது. உலோகத்தை அரிக்கிற தூள் அது, அப்படியே விட்டுவைக்கவும் முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் செய்த வேலை, பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்து அந்த வெள்ளைத் தூளைச் சுரண்டியதுதான்.

ஏன் இப்படி ஆகிறது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் உங்கள் பதில் கடிதங்களைப் பார்த்தால் ஒரு முறை நினைவுபடுத்தலாம் என்று தோன்றுகிறது. இது மெதுவாக ஓடுவதற்கென்றே பிறந்த வண்டி. முதல் கியர், இரண்டாம் கியர், பாதி நேரம் நின்ற இடத்திலேயே சமநிலை. வெளியேறும் வாயுவுக்குப் போதுமான சூடு வருவதில்லை. பெட்ரோலில் கலந்து ஊற்றுகிற ஆயில் பாதி எரிந்தும் எரியாமலும் வந்து நடு சைலன்சரில் குளிர்ந்து பஞ்சில் ஊறுகிறது. வாரா வாரம் ஊறுகிறது. பிறகு ஒரு நாள் ஒரு பெரிய ஏற்றம் வருகிறது. சூடான வாயு ஒரேயடியாகப் பாய்கிறது, ஊறிய பஞ்சு கங்குபோலக் கனியத் தொடங்குகிறது. இன்ஜினை அணைத்தாலும் அது அணையாது, ஏனென்றால் எரிவது இன்ஜினில் இல்லை. இதோடு, பஞ்சுக்கு நடுவில் ஓடும் துளைக் குழாயின் துளைகளைக் கரி அடைக்கிறது, குழாயின் உட்புறமும் குறுகுகிறது. வாயு வெளியேற வழியில்லாமல் இன்ஜினும் சேர்ந்து சூடாகிறது.

இது டிரயல்ஸ் வண்டியின் குணம். உலக டிரயல்ஸ் சாம்பியன்ஷிப் தொடங்கியதே 1975-இல். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. மெதுவாக ஓட்டுவார்கள், பஞ்சில் ஆயில் ஊறும் என்பது இந்தத் துறையில் இருக்கும் யாருக்கும் புதுச் செய்தி இல்லை.

"நீங்கள் ஆயிலை அதிகம் ஊற்றியிருப்பீர்கள்" என்றார் உங்கள் சேவைப் பிரிவில் ஒருவர், தொலைபேசியில். இல்லை ஐயா. உங்கள் கையேடு சொல்கிறபடி 80-க்கு 1, அதாவது 80 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு முழு சிந்தெடிக் ஆயில். 5 லிட்டர் பெட்ரோலுக்கு 62.5 மில்லி, ஊசி போடும் சிரிஞ்சில் அளந்துதான் ஊற்றுகிறேன். பழைய பழக்கத்தில் 50-க்கு 1 கலப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் அதே 5 லிட்டருக்கு 100 மில்லி ஊற்றுவார்கள். கூடுதல் ஆயில் பாதுகாப்பு என்பது அவர்கள் நினைப்பு. பெட்ரோலின் இடத்தை ஆயில் எடுத்துக்கொள்வதால் கலவையில் பெட்ரோல் குறைகிறது, வண்டி இன்னும் கொஞ்சம் சூடாகத்தான் ஓடும். மீதி ஆயில் நேராகப் பஞ்சுக்குப் போகும். இதை நான் மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. எனக்கே அதைத் திருப்பிச் சொன்னால் கோபம் வராதா?

சரி, குற்றம் சாட்டுவதற்கு முன்னால் என் பக்கத்தை முழுக்கப் பார்த்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூலன்ட் குறையவில்லை, புகையில் அந்தத் தித்திப்பு வாடையும் இல்லை. அதனால் ஹெட்டில் கசிவு இல்லை. கியர் ஆயிலை வடித்து அளந்தேன், ஊற்றிய அளவு அப்படியே இருந்தது. அதனால் கிராங்க் தண்டைச் சுற்றி அடைக்கும் சீல்களில் கிளட்ச் பக்கத்து சீல் நன்றாக இருக்கிறது. அது போயிருந்தால் இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சி ஊரையே மூடுகிற மாதிரி புகை விட்டிருக்கும். மேக்னட் பக்கத்து சீலில் காற்றுக் கசிவு இருந்தால் ஐடிலிங் தானாக ஏறும், ஆக்சிலரேட்டரை விட்டாலும் இறங்க மறுக்கும். அப்படியும் இல்லை. இக்னிஷன் டைமிங் குறி நகரவில்லை. டைமிங் தாமதமானால் எக்ஸாஸ்ட் போர்ட் திறக்கும்போதும் உள்ளே நெருப்பு எரிந்துகொண்டிருக்கும், முன்குழாய் இருட்டில் செக்கச் செவேலென்று தெரியும். கராஜ் விளக்கை அணைத்துவிட்டு அதையும் பார்த்தேன், சிவக்கவில்லை.

ஒரே ஒரு குறை கிடைத்தது, அதை மறைக்க விரும்பவில்லை. கார்புரேட்டரில் குறைந்த வேகத்துக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான பைலட் ஜெட்டில் மெல்லிய அடைப்பு. டிரயல்ஸ் வண்டி வாழ்நாளில் முக்கால்வாசி அந்த ஜெட்டின் தயவில்தான் ஓடுகிறது. அது அடைத்தால் பெட்ரோல் குறைந்து, நிற்கும்போதே சூடு ஏறும். சுத்தம் செய்தேன். சூடு குறைந்தது. புகை குறையவில்லை.

அதற்கு அப்புறம்தான் வாளை எடுத்தேன். இரும்பு அறுக்கும் வாள். நீங்கள் மூடி வைத்த நடு சைலன்சரை வெல்டிங் ஓரமாக அறுத்துத் திறந்தேன். ஐயா, அம்மா, அதற்குள் இருந்ததைப் பஞ்சு என்று சொல்ல மனம் வரவில்லை. கண்ணாடிப் பஞ்சு தார் மாதிரி கறுத்து, பிசுபிசுத்து, குழாயோடு ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தது. ஒரு மூலையில் கனிந்து வெந்து சாம்பலாகியிருந்தது. பிழிந்தால் ஆயில் சொட்டியது. புதுப் பஞ்சை வாங்கிச் சுற்றினேன் (உங்களிடம் கிடைக்காது, வேறொரு வகை வண்டிக்கானதை வெட்டிப் பொருத்தினேன்). குழாயின் துளைகளை ஒவ்வொன்றாக ஆணியால் குத்தித் திறந்தேன். வெல்டிங் செய்பவரிடம் கொண்டுபோய் மூடி வாங்கினேன். அதற்குப் பிறகு நான்கு போட்டிகள் ஓட்டிவிட்டேன். ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் மெல்லிய நீலப் புகை வரும், அப்புறம் ஒன்றுமில்லை. நீங்கள் சொல்லும் இயல்பான புகை அதுதான் போல.

திறக்க முடியாத பெட்டியைச் சுத்தம் செய்ய ஓட்டுநர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? கேஸ் டார்ச்சை வைத்துப் பெட்டியைச் செக்கச் சிவக்கச் சூடாக்கி உள்ளே இருக்கும் ஆயிலை எரிக்கிறார்கள். அந்தப் புகையை மணிக்கணக்கில் சுவாசிக்கிறார்கள். காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்றுகிறார்கள். இரும்பில் அது கரியை எடுக்கும், உண்மை. அலுமினியத்தில் ஊற்றினால் உலோகத்தையே தின்றுவிடும், கூடவே ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். எனக்குத் தெரிந்த ஒருவர் நடுப் பெட்டிக்கு வைத்தியம் செய்த கையோடு பின் சைலன்சரிலும் ஊற்றி ஓட்டை போட்டுக்கொண்டார். ஆறு போல்ட் இருந்திருந்தால் இந்த வைத்தியத்துக்கெல்லாம் வேலையே இல்லை.

எடை என்று சொல்வீர்கள். தெரியும். ஆறு சின்ன போல்ட் சேர்ந்தால் ஏறத்தாழ 30 கிராம் வரும். மழை பெய்த மறுநாள் என் பின் டயர் சுமந்து வருகிற சேறு இதைவிடப் பல மடங்கு. ஆயிலில் ஊறிய பஞ்சின் எடையை எந்த விளம்பரத் தாளில் எழுதினீர்கள் என்றும் கேட்க ஆசை.

இந்தப் பெட்டியோடு நின்றால் பரவாயில்லை. ரேடியேட்டர் ஃபேனின் மோட்டார் போனால் கூடோடு முழு ஃபேனையும் வாங்கச் சொல்கிறீர்கள். பின் சைலன்சரில் பத்து ஆண்டுகளுக்கு முன்னால் ஸ்க்ரூ இருந்த இடத்தில் இப்போது ரிவெட். இப்படியே போனால் அடுத்த மாடலில் பெட்ரோல் டாங்கின் மூடியையும் வெல்டிங் வைத்து அனுப்புவீர்கள், தீர்ந்ததும் புது வண்டி வாங்கிக்கொள்வோம். மன்னியுங்கள். கோபத்தில் எழுதிவிட்டேன். உங்கள் சேஸியையும் கிளட்சையும் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இருந்திருந்தால் ஆறு ஆண்டு ஓட்டியிருக்க மாட்டேன்.

எங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியதை நாங்களும் செய்கிறோம். வரிசையில் நிற்கும்போது இன்ஜினை அணைக்கப் பழகிக்கொண்டேன். ஒரு செக்‌ஷனிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியில் திறந்த இடம் கிடைத்தால், இன்ஜின் சூடான பிறகு, மூன்றாம் நான்காம் கியரில் கொஞ்ச தூரம் நன்றாக முறுக்கி ஓட்டி, சேர்ந்த ஆயிலைக் கொஞ்சமாவது வெளியேற்றுகிறேன். கழுவும்போது ரேடியேட்டரின் இடுக்கில் சேறு நிற்காமல் பார்க்கிறேன். ஃபேன் சரியான நேரத்தில் சுழலத் தொடங்குகிறதா என்று மாதம் ஒரு முறை நின்று கேட்கிறேன். ஆனால் இதெல்லாம் ஊறுவதைத் தள்ளிப்போடும், தடுக்காது. பஞ்சு ஒரு நாள் மாற்ற வேண்டிய பொருள்தான், ஏர் ஃபில்டரை மாற்றுவதுபோல. மாற்ற வேண்டிய பொருளை மாற்ற முடியாத பெட்டிக்குள் வைப்பதில் என்ன நியாயம்?

ஆகவே மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மாடலில் நடு சைலன்சரை போல்ட் போட்டு மூடுங்கள். ஏற்கெனவே விற்ற வண்டிகளுக்குத் திறக்கும் மூடியுள்ள பெட்டியை உதிரிபாகமாகக் கொடுங்கள், நியாயமான விலை வைத்தால் வாங்கிக்கொள்கிறோம். அளவுக்கு வெட்டிய பஞ்சையும் தனியாகக் கொடுங்கள். எத்தனை மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை அதைப் பார்க்க வேண்டும் என்று கையேட்டில் ஒரு வரி சேருங்கள். இப்போதிருக்கும் கையேட்டில் செயினுக்கு அரைப் பக்கம் இருக்கிறது, ஸ்டிக்கரைக் கழுவுவது எப்படி என்று ஒரு பத்தி இருக்கிறது, நடு சைலன்சருக்கு ஒரு சொல்கூட இல்லை.

நான் அறுத்த பெட்டியின் அளவுகளை எடுத்து வைத்திருக்கிறேன். மூடியின் விளிம்பில் போல்ட் எங்கே வந்தால் ஷாக் அப்சார்பரில் இடிக்காது என்று ஒரு காகிதத்தில் வரைந்தும் இருக்கிறேன். கேட்டால் அனுப்பிவைக்கிறேன், இலவசமாகவே. வெந்த பஞ்சின் ஒரு துண்டும் டப்பாவில் இருக்கிறது. அதையும் சேர்த்து அனுப்பலாம், ஆனால் தபாலில் வாடை அடிக்கும்.

பதிலை எதிர்பார்க்கிறேன். இந்த முறை "இயல்பு" என்ற சொல் இல்லாமல் வந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியை இன்னும் விற்காமல் வைத்திருக்கும் ஓர் ஓட்டுநர்