எக்ஸ்ரே அறைத் தம்பிக்கு

அப்பா இன்று காலை இரண்டு இட்லி சாப்பிட்டார். வாய்க்கு வாய் தண்ணீர் குடிக்காமல், பாதியில் எழுந்து வாசலுக்கு ஓடாமல். தட்டைக் கழுவும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஈரம் காய்வதற்குள் இதை எழுதிவிடுகிறேன்.

பணம் புரட்டித் தந்தவர்கள், ராத்திரித் துணைக்கு இருந்தவர்கள், கஞ்சியை வடிகட்டி அனுப்பிய பக்கத்து வீட்டு அக்கா, டாக்டர், நர்ஸம்மாக்கள், எல்லோருக்கும் நன்றி. பெயர் போட்டால் திட்டுவீர்கள், தெரியும்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது பேரியம் எக்ஸ்ரே எடுத்த தம்பியைப் பற்றி. அவர் பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை.

சாப்பாடு இறங்கவில்லை என்று அப்பா சொன்னதை எத்தனை மாதம் கேஸ் என்றோம், பயம் என்றோம், பிடிவாதம் என்றோம்! "மென்னு முழுங்குங்கப்பா" என்று அதிகம் அதட்டியது நான்தான். அன்று எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவதற்காகக் கொடுத்த, சுண்ணாம்புக் கரைசல் மாதிரியான பேரியத்தை அப்பா மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று அந்தத் தம்பி திரையை அவர் பக்கம் திருப்பினார். "ரிப்போர்ட்டை டாக்டர்தான் சொல்லணும். ஆனா பாருங்கய்யா, நீங்க ஒழுங்காத்தான் முழுங்குறீங்க. கீழ கதவுதான் திறக்கல." உணவுக்குழாயின் அடியில் வெள்ளையாகத் தேங்கி நின்றது, நுனி மட்டும் குருவி அலகு போல ஒடுங்கியிருந்தது.

"அப்ப என் தப்பு இல்லியா தம்பி?" என்றார் அப்பா.

அந்தக் கதவு, இரைப்பை வாயில் மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு இருக்கும் தசை. அமிலம் மேலே வராதபடி இறுகியே இருக்கும், முழுங்கும்போது தளரும். அமிலம் வருஷக்கணக்கில் புண்ணாக்கித் தழும்பேறினாலும் அந்த இடம் குறுகுமாம், கட்டி வந்தாலும் குறுகுமாம். எண்டோஸ்கோபியில் இரண்டும் இல்லை. (கட்டி இல்லை என்று தெரிந்த பிறகுதான் நான் சாப்பிட்டேன்.) தசையைத் தளர்த்தும் நரம்பணுக்கள் அழிந்துபோயிருந்தன. இந்த நோய்க்குப் பெயர் அக்கலேசியா. 1674லேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர், திமிங்கல எலும்பின் நுனியில் கடற்பஞ்சைக் கட்டி ஒருவருக்கு உணவை உள்ளே தள்ள வழி செய்திருக்கிறார். அப்பாவுக்கு 30 மில்லிமீட்டர் பலூனை உள்ளே விட்டு ஊதி, அந்தத் தசையை விரித்துவிட்டார்கள். போன நரம்பு திரும்பாது. மறுபடி இறுகினால் மறுபடி போகவேண்டும். சரி, போவோம்.

இனி யாராவது "இறங்க மாட்டேங்குது" என்றால், கேஸ் என்ற வார்த்தை என் வாயில் வராது.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது அந்தத் தம்பிக்கு முறுக்கு சுட்டு எடுத்துப்போக வேண்டுமாம், அப்பாவின் உத்தரவு. அவருக்கு இன்னும் முறுக்கு கிடையாது. மாவு பிசையும்போது பக்கத்தில் உட்காரவிடக் கூடாது.